அணு இல்லாத முகடுகள்

தேவசகாயம் தன் ஐம்பதாவது வயதில் ஷாஹிதாவிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். ஷாஹிதாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது.

இருவருக்கும் முன்பே பழக்கம் உண்டு. நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் தேவசகாயம் இயற்பியல் நடத்திவந்தார். ஷாஹிதா அங்கே அவரிடம் படித்தவர். பிறகு வெளியூர், வெளிநாடு என்று போய்ப் படித்துவிட்டு, திருநெல்வேலிக்கு வெளியே இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பேராசிரியராக வந்திருந்தார்.

கல்லூரி தேவசகாயத்துக்கு மூன்று வருடம் விடுப்பு கொடுத்தது. அவர் இரண்டு மூன்று பேராசிரியர்களிடம் போய்க் கேட்டார். இந்த வயதில் இது எதற்கு என்று எல்லோருமே மரியாதையாகக் கேட்டார்கள். ஷாஹிதா மட்டும் வேறொன்று கேட்டார்.

“என்ன பார்க்கணும் சார்?”

கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு அதை அணு என்றும், நெளிகோடு ஒன்றை இழுத்து அதை ஒளி என்றும் இத்தனை வருடமாகச் சொல்லி வந்திருப்பதாகத் தேவசகாயம் சொன்னார். அந்த வட்டமும் நெளிகோடும் நிஜமாகவே சந்தித்துக்கொள்வதைக் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றார்.

“ஒரே ஒரு அணுவையா?”

“முடிஞ்சா.”

ஷாஹிதா சேர்த்துக்கொண்டார். பேர் சொல்லியே கூப்பிடுங்கள் என்று அவர் கேட்டும் தேவசகாயம் சம்மதிக்கவில்லை. அன்று முதல் மாணவர் மேடம் என்று கூப்பிட, ஆசிரியர் சார் என்று பதில் சொன்னார். அந்த நிலையத்தில் இது சிலருக்கு வேடிக்கையாக இருந்தது. அவர்கள் இருவருக்கும் அப்படி இருக்கவில்லை.

வேலை இதுதான். இரண்டு சின்னக் கண்ணாடிகளை நேருக்கு நேர் நிறுத்த வேண்டும். நடுவில் ஒரு தலைமுடி நுழையும் அளவுக்குத்தான் இடம். அந்த இடைவெளிக்குள் ஒளியை விட்டால் அது வெளியேறும் வழி தெரியாமல் லட்சம் தடவை இங்கும் அங்கும் போய்வரும். மேலேயிருந்து, லேசரால் குளிரவைத்த ருபிடியம் அணுக்கள் விழும். எப்போதாவது ஓர் அணு சரியாக அந்த இடைவெளி வழியாக விழும். விழுகிற அந்தக் கண நேரத்தில் ஒளியும் அணுவும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

முதல் வாரத்திலேயே தேவசகாயத்துக்கு ஒரு கேள்வி வந்தது. தன் மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிடுகிற கண்ணாடி அது. அதற்கு முன்னால் அதே மாதிரி இன்னொன்றை வைத்தால் தடை இரண்டாகிறது. பிறகு எப்படி ஒளி அந்தப் பக்கம் போகும்? சமன்பாடு தெரியும், வகுப்பில் எத்தனையோ தடவை போட்டுக் காட்டியிருக்கிறேன், ஆனால் மனசு ஒப்பவில்லை என்றார்.

ஷாஹிதா ஒரு சிவப்பு லேசரை எடுத்து மேசையில் வைத்தார். சுவரில் சிவப்புப் புள்ளி விழுந்தது. குறுக்கே ஒரு கண்ணாடியை நிறுத்தினார். புள்ளி மறைந்தது. இரண்டாவது கண்ணாடியையும் நிறுத்தி, அதன் பின்னால் இருந்த திருகைத் தேவசகாயத்தைத் திருப்பச் சொன்னார்.

தேவசகாயம் திருப்பினார். சுவர் இருட்டாகவே இருந்தது.

“திருப்பிக்கிட்டே இருங்க சார்.”

திடீரென்று சுவரில் சிவப்பு பளிச்சிட்டு அணைந்தது. தேவசகாயம் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகை மயிரிழை அளவு பின்னால் கொண்டுவந்தார். புள்ளி வந்து நின்றது. ஒரு கண்ணாடி மறைத்த ஒளி, இரண்டு கண்ணாடிகளைக் கடந்து வந்து சுவரில் நின்றது. அவர் திருகிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

“சமன்பாடு சரியா வருதா சார்?”

“அது அப்பவும் சரிதான் மேடம். நான்தான்...”

அதற்குப் பிறகு ஏறக்குறைய மூன்று வருடம் ஓடிப்போனது. தேவசகாயம் கண்ணாடி துடைக்கக் கற்றார். காற்றை உறிஞ்சி எடுக்கப்போகும் இரும்புக் கலத்துக்குள் கண்ணாடிகளைப் பசை வைத்து ஒட்டினார். அணுக்களைக் குளிரவைத்து, ஒரு சின்ன மேகம் மாதிரி திரையில் தெரிய வைத்தார். அது தெரிந்த அன்று யாரிடமும் பேசாமல் ஒரு நடை போய்விட்டு வந்தார்.

கடைசியாகக் கலத்தைச் சில நாட்கள் சூடாக்கி, உள்ளே ஒட்டியிருந்த மிச்சக் காற்றையும் வெளியேற்றினார். மே மாதம் பாதி போய்விட்டது. ஜூனில் கல்லூரி திறந்தால் விடுப்பு முடிந்துவிடும்.

லேசரின் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போனால், இடைவெளிக்குப் பொருந்துகிற ஒரு நிறத்தில் மட்டும் ஒளி கண்ணாடிகளைக் கடந்து வரும். திரையில் அது ஒற்றை முகடாகத் தெரியும். உள்ளே ஓர் அணு வந்து ஒளியைப் பிடித்துக்கொண்டால் அந்த ஒற்றை முகடு இரண்டாகப் பிளக்கும். அந்தப் பிளவைத்தான் தேவசகாயம் தேடிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மதியம், சாப்பிட்டுவிட்டு வந்து அணுக்களை விழவிட்டு ஓட்டிப் பார்த்தார். திரையில் இரண்டு முகடுகள் இருந்தன.

மறுபடி ஓட்டினார். மறுபடியும் இரண்டு.

வீட்டுக்குப் போன் செய்தார். மனைவி ஸ்டெல்லாவுக்கு முகடு என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் அவர் குரலைக் கேட்டதும் அவளும் அழுதாள். கல்லூரி முதல்வரிடமும் சொன்னார். முதல்வர் உடனே ஒரு பாராட்டு விழாவுக்குத் தேதி பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஷாஹிதா ஒரு கூட்டத்துக்காகச் சென்னை போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் விஷயம் நிலையம் முழுக்கப் பரவியிருந்தது.

ஷாஹிதா வந்து திரையைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

“ரொம்ப அழகா இருக்கு சார்” என்றார். பிறகு, “அணுவை நிறுத்திட்டு எடுத்தது எங்க?” என்று கேட்டார்.

கலத்தைச் சூடாக்குவதற்கு முன்னால் அணு இல்லாமல் எடுத்திருக்கிறேன், அப்போது ஒற்றை முகடுதான் வந்தது, அதன் பிறகு எடுக்கவில்லை என்று தேவசகாயம் சொன்னார்.

“இப்ப ஒரு தடவை எடுத்துடுங்க.”

“நம்பலையா மேடம்?”

“நம்புறதுக்குத்தான் கேக்கிறேன்.”

தேவசகாயத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. செய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் செய்யவில்லை. ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்ப வேண்டியிருந்தது, அதை எழுதுவதில் மூழ்கினார். ஷாஹிதா மறுபடி கேட்கவில்லை. வராந்தாவில் எதிர்ப்பட்டால் சாப்பிட்டாச்சா என்று மட்டும் விசாரித்தார். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தேவசகாயத்துக்குத் தோன்றியது.

சனிக்கிழமை காலை ஆய்வகத்தில் யாரும் இல்லை. தேவசகாயம் அணுக்களைக் குளிரவைக்கும் லேசரை மறைத்தார். மேகம் கலைந்துபோனது. இனி இடைவெளிக்குள் அணு எதுவும் விழாது. ஓட்டினார்.

இரண்டு முகடுகள்.

ருபிடியம் வரும் குழாயை அடைத்தார். உள்ளே மிச்சம் மீதி இருந்ததையும் பம்ப் உறிஞ்சி எடுக்கும்வரை காத்திருந்தார். மறுபடி ஓட்டினார். அதே இரண்டு முகடுகள், அதே இடத்தில், அதே உயரத்தில் நின்றன.

அணுவே இல்லை. முகடுகள் இருந்தன.

தேவசகாயம் நாற்காலியில் உட்கார்ந்தார்.  இந்தப் பதிவை யாரும் பார்க்கவில்லை. அணுவோடு எடுத்த படம் எல்லோருக்கும் தெரியும். அணு இல்லாமல் எடுத்ததை அழித்துவிட்டால், கேட்க வேண்டிய ஒருத்தர் கேட்டுவிட்டு விட்டுவிட்டார், இனி வேறு யாரும் கேட்கப்போவதில்லை. விழா நடக்கும். பட்டமும் கிடைக்கும். அவர் கை மவுஸ் வரைக்கும் போனது. திரையில் அந்தப் பதிவின் பெயர் மேல் அம்புக்குறி போய் நின்றது.

பிறகு எழுந்து ஷாஹிதாவின் அறைக்கு நடந்தார்.

ஷாஹிதா வந்து பார்த்தார். ஒளி போகும் பாதையில், ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற ஒரு வடிகட்டியை வைத்துத் திருப்பினார். ஒரு முகடு மறைந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினார். மறைந்தது வந்து, நின்றது மறைந்தது. இருவருக்கும் விளங்கிவிட்டது. கலத்தைச் சூடாக்கியபோது பசை இறுகி, கண்ணாடியை ஒரு பக்கமாக நெருக்கியிருக்கிறது. நெருக்குண்ட கண்ணாடி, குறுக்காக அதிரும் ஒளியை ஒரு விதமாகவும் நெடுக்காக அதிரும் ஒளியை வேறு விதமாகவும் நடத்துகிறது. அதனால்தான் ஒன்று இரண்டாகத் தெரிந்தது.

“உங்களுக்கு முன்னாலயே தெரியுமா மேடம்?”

“தெரியாது சார். அணு வரும், போகும். முகடு மட்டும் இப்படி ஆடாம அசையாம நிக்குமான்னு கொஞ்சம் உறுத்துச்சு. அவ்வளவுதான்.”

தேவசகாயம் சிரிக்க முயன்றார். இப்படிச் சந்தேகப்பட்டுச் சரிபார்க்கிற பழக்கமாவது என் வகுப்பில் படித்ததாக இருக்கட்டும் என்றார். ஏதாவது ஓர் ஆறுதல் வேண்டியிருந்தது அவருக்கு.

ஷாஹிதா சற்றுத் தயங்கினார்.

“இல்ல சார். உங்க லேப்ல ரீடிங் வரலேன்னா, வர வேண்டியதை எழுதிக்கோன்னு சொல்லுவீங்க.”

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. கேட்டதற்குச் சொன்ன பதில், அவ்வளவுதான். அது உண்மை என்பதும் தேவசகாயத்துக்குத் தெரியும். ஒரு கருவிக்கு ஆறு மாணவர்கள், பரீட்சை நெருங்கிக்கொண்டிருக்கும், எல்லாக் கல்லூரியிலும் அப்படித்தான். இந்தக் காரணங்கள் எல்லாம் அவர் வாய்வரை வந்தன. ஒன்றையும் சொல்லவில்லை.

ஜூனில் கல்லூரிக்குத் திரும்பிவிட வேண்டும் என்றும், இதை இத்தோடு விட்டுவிடலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னார்.

“கண்ணாடியை எப்ப கழட்டலாம் சார்?” என்றார் ஷாஹிதா.

தேவசகாயம் அன்று சாயங்காலமே முதல்வருக்குப் போன் செய்து, தப்பாகச் சொல்லிவிட்டேன், விழா வேண்டாம் என்றார்.  அழைப்பிதழ் இன்னும் அடிக்கக் கொடுக்கவில்லை, நல்லவேளை என்றார் முதல்வர். ஸ்டெல்லாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் கேட்டுவிட்டு, அப்போ அன்னைக்கு அழுதது வீண் என்றாள். பிறகு சிரித்துவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்தது.

கல்லூரி திறந்தது. தேவசகாயம் வாரம் முழுக்க வகுப்பெடுத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருநெல்வேலி பஸ் பிடித்தார். ஞாயிறு மாலை திரும்பினார்.

ஷாஹிதா அவருடைய மேசையை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. பழைய கண்ணாடிகளைக் கழற்றும்போது ஒன்று உடைந்தது. வேறு கண்ணாடி வரவழைத்தார்கள். இந்தத் தடவை பசையை ஊசிமுனையில் தொட்டு ஓரத்தில் மட்டும் வைத்தார் தேவசகாயம். அது ஒட்டாமல் விழுந்தது. வேறு பசை, வேறு தாங்கி என்று மாற்றிப் பார்த்தார்கள். சில வாரங்கள் அவர் வந்து போனதற்கு அடையாளமே இருக்காது. ஆனால் முன்பு இருந்த அவசரம் இப்போது அவரிடம் இல்லை. தாமதமானால் என்ன ஆகும் என்று பயப்பட்டதெல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை, எல்லாம் தயாரானது.

ஷாஹிதா வந்து பக்கத்தில் நின்றார். தேவசகாயம் முதலில் அணுக்களை நிறுத்திவைத்து ஓட்டினார். ஒற்றை முகடு. வடிகட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒற்றை முகடேதான்.

பிறகு அணுக்களை விழவிட்டார்.

முதலில் எதுவும் மாறவில்லை. முகடு அப்படியே நின்றது. பிறகு ஒரு கணம் அதன் தலை அமுங்கியது. இரண்டு பக்கமும் இரண்டு மேடுகள் எழும்பின, நடுங்கின, உடனே ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. சற்று நேரம் ஒன்றுமில்லை. மறுபடி பிளந்து, மறுபடி மூடியது. மே மாதம் பார்த்த அந்த அழகான முகடுகள் மாதிரி இவை இல்லை. கோணலாக, ஒன்று குட்டையாக, ஒன்று சரிந்து, நிற்கவே தெரியாதவை மாதிரி இருந்தன.

தேவசகாயம் அணுக்களை நிறுத்தினார். ஒற்றை முகடு. விழவிட்டார். நடுங்கும் இரண்டு. நிறுத்தினார். விழவிட்டார். ஷாஹிதா போதும் என்று சொல்லவில்லை.

“இதுல எது ஒளி மேடம், எது அணு?”

“ரெண்டு முகட்டுலயும் ரெண்டும் கலந்துதான் இருக்கு சார். அந்த நேரத்துக்கு இது வேற அது வேறன்னு சொல்ல முடியாது.”

தேவசகாயம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். வெளியே மழை வலுத்தது.

ஷாஹிதா டீ போட்டுக்கொண்டு வந்தார். இருவரும் ஜன்னலோரம் நின்று குடித்தார்கள். வீட்டுக்குப் போன் செய்யவில்லையா என்று ஷாஹிதா கேட்டார். இன்னும் நாலு வாரம் இதே மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றார் தேவசகாயம். அதைவிட, உங்களிடம் வேறொன்று கேட்க வேண்டும் என்றுதான் நேற்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன் என்றார்.

கேட்டது கல்லூரி லேபைப் பற்றி.

அங்கே இரண்டாம் வருட மாணவர்களுக்கு பிரிசம் வைத்து ஒரு சோதனை உண்டு. ஒளி பிரிசத்துக்குள் எவ்வளவு வளைகிறது என்று அளந்து, கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். பிரிசம் இருக்கும் மரப்பெட்டியின் மேல் கிரௌன் கண்ணாடி என்று எழுதி ஒட்டியிருக்கும். கிரௌன் என்ற அந்தக் கண்ணாடி வகைக்கு என்ன எண் வர வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. பெனிலா என்ற மாணவிக்கு அது வரவில்லை. கூடுதலாக வந்தது. மாற்றி எழுதிக்கொள்ளட்டுமா சார் என்று வழக்கம்போல வந்து கேட்டாள்.

வந்ததை எழுது என்று தேவசகாயம் சொன்னார்.

அவள் பயந்தாள். மார்க் போய்விடும் என்றாள். போகாது, எழுது என்றார். அடுத்தவனையும் அப்படியே எழுதச் சொன்னார், அதற்கடுத்தவளையும். வகுப்பு முழுக்க முணுமுணுப்பு. சாருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஒரு பையன் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. ஆனால் எல்லா நோட்டுகளும் மேசைக்கு வந்தபோது பார்த்தால், எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே எண். புத்தகத்தில் இல்லாத எண். எல்லோரும் சேர்ந்து ஒரே மாதிரி தப்பு செய்ய முடியாதே என்று தேவசகாயம் தானே உட்கார்ந்து அளந்தார். அவருக்கும் அதுதான் வந்தது. அலமாரியிலிருந்து வேறொரு பிரிசத்தை எடுத்து வைத்து அளந்தார். புத்தகத்தில் இருந்த எண் அச்சாக வந்தது.

“அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறது கிரௌனே இல்ல மேடம். ஃபிளிண்ட். அதுக்கு எண் கூடுதல்தானே. எந்தக் காலத்துல மாறிச்சோ, எத்தனை பேட்ச் அதைக் கையில எடுத்துச்சோ. நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து அதே பெட்டிதான். எல்லாருக்கும் சரியான எண்தான் வந்திருக்கு. எல்லாரும் வேற எழுதியிருக்காங்க. நான்தான் எழுதச் சொன்னேன்.”

ஷாஹிதா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். சொல்லும்போது தேவசகாயத்தின் முகத்தில் இருந்தது வருத்தம் மட்டும் இல்லை. திரையில் முகடு பிளந்தபோதுகூட அவர் முகம் இவ்வளவு மலரவில்லை.

“பெனிலா என்ன சொன்னா சார்?”

“குதிச்சா. மறுநாள் வீட்டுலேர்ந்து அவங்க அப்பாவையே கூட்டிக்கிட்டு வந்து அந்த பிரிசத்தைக் காட்டுனா.”

இருவரும் சிரித்தார்கள். மழைச் சத்தத்தில் சிரிப்பு அடங்க சற்று நேரம் ஆனது.

பிறகு தேவசகாயம், தான் கேட்க வந்ததைக் கேட்டார்.

“திங்கக்கிழமை போனதும் அந்தப் பெட்டி மேல இருக்கிற பேரைக் கிழிச்சுட்டு, சரியான பேரை எழுதி ஒட்டிடலாம்னு இருக்கேன் மேடம்.”

ஷாஹிதா யோசிக்கவில்லை.

“வேண்டாம் சார். அப்படியே இருக்கட்டும். அடுத்த வருஷம் வர்ற பிள்ளைங்களும் கண்டுபிடிக்கட்டும்.”